ஆளுக்கு மூன்றரை சதுர கிலோமீட்டர்: ஹார்னி கவுண்டி பயணக் குறிப்புகள்

வியாழன் இரவு, பர்ன்ஸ்

அமெரிக்காவின் வடமேற்கில், ஆரிகன் மாநிலத்தில் பெண்ட் ஊரைத் தாண்டிக் கிழக்கே வண்டியை விட்டபோது மதியம் இரண்டு மணி. அங்கிருந்து பர்ன்ஸ் 130 மைல். நடுவில் பிரதர்ஸ், ஹாம்ப்டன், ரைலி என்று வரைபடத்தில் பெயர்கள் இருக்கின்றன. ஊர் வரப்போகிறது என்று வேகத்தைக் குறைத்தால் ஒரு கட்டடம் வருகிறது, போகிறது, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் முழங்கால் உயரத்துக்குச் சாம்பல் பச்சை சேஜ்பிரஷ் புதர். ஆரிகன் என்றாலே ஓயாத மழை, ஈரமான காடு என்று நினைக்கிறவர்கள் இந்தச் சாலையில் ஒரு தடவை வர வேண்டும். போர்ட்லாந்துப் பக்கம் பெய்கிற மழையையெல்லாம் கேஸ்கேட் மலைத்தொடர் வாங்கிக்கொள்கிறது. அதற்குக் கிழக்கே மழைமறைவுப் பகுதி. பர்ன்ஸ் சுற்றுவட்டாரத்தில் ஆண்டுக்குப் பத்து, பதினோரு அங்குலம் பெய்தால் அதிகம். அதிலும் ஒரு பங்கு பனியாக விழுகிறது.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான் புரியும். பர்ன்ஸ் இருக்கும் ஹார்னி கவுண்டியின் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) பரப்பு சுமார் 26,490 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் முழுவதும் இதற்குள் அடங்கிவிடும். 2020 கணக்கெடுப்பில் இங்கே இருந்தவர்கள் 7,495 பேர். வகுத்துப் பார்த்தால் ஆளுக்கு மூன்றரை சதுர கிலோமீட்டர் வருகிறது. தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி ஒரு சதுர கிலோமீட்டருக்கு 555 பேர்.

ஆனால் இந்தச் சராசரி கொஞ்சம் ஏமாற்றும். கவுண்டி முழுவதிலும் நகராட்சி என்று பதிவான ஊர்கள் இரண்டுதான்: பர்ன்ஸ் (2,730 பேர்), அதை ஒட்டியே இருக்கும் ஹைன்ஸ் (1,645 பேர்). பத்தில் கிட்டத்தட்ட ஆறு பேர் இந்த இரட்டை ஊரில் இருக்கிறார்கள். மிச்சம் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான் அத்தனை நிலத்திலும் சிதறிக் கிடக்கிறார்கள். மாடுகள் மனிதர்களைவிடப் பத்து மடங்குக்கு மேல்.

ஆரிகனில் சுகாதாரத் துறைக்காரர்கள் ஒரு சதுர மைலுக்கு ஆறு பேர் அல்லது அதற்கும் கீழே இருந்தால் அந்தக் கவுண்டியை 'எல்லைப்புறம்' என்று வகைப்படுத்துகிறார்கள். 36 கவுண்டிகளில் பத்து அப்படி. ஹார்னியில் சதுர மைலுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. மக்கள்தொகை குறைவாக இருந்தால் சட்டமே மாறுகிறது என்பதற்கு ஒரு வேடிக்கையான உதாரணம் பெட்ரோல் பங்க். ஆரிகனில் 1951 முதல் நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது, ஆள் வந்துதான் போட வேண்டும் என்று இருந்தது. நாற்பதாயிரத்துக்கு மேல் ஆள் இல்லாத கிழக்குக் கவுண்டிகளுக்கு மட்டும் 2018-இல் விலக்கு கொடுத்தார்கள். ராத்திரியில் பங்க்கில் நிற்க ஆள் எங்கே கிடைப்பார்? மாநிலத்தின் மற்ற பகுதிக்கு அந்தச் சுதந்திரம் 2023-இல்தான் வந்தது.

பர்ன்ஸ் கடைத்தெருவை அரை மணி நேரத்தில் நடந்து முடித்துவிட்டோம். ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பெயரை வைத்த ஊர். அகலமான தெரு, பாதிக் கடைகள் திறந்திருக்கின்றன. ஹைன்ஸ் என்ற பெயர் சிகாகோ மர வியாபாரி எட்வர்ட் ஹைன்ஸுடையது. வடக்கே மலைக்காட்டில் இருந்த பாண்டரோசா பைன் மரங்களை அறுக்க அவர் கம்பெனி 1930-இல் இங்கே ஆலை திறந்தது, ஊரும் கூடவே வந்தது. அரை நூற்றாண்டு ஓடிய ஆலை 1980-களின் தொடக்கத்தில் நின்றது. அப்புறம் வேறு கைகளுக்கு மாறிக் கொஞ்ச காலம் ஓடியும் பழைய நிலை திரும்பவில்லை. கணக்கெடுப்பு அட்டவணையில் இது அப்படியே பதிவாகியிருக்கிறது: 1980-இல் கவுண்டியில் 8,314 பேர், 1990-இல் 7,060. ஆயிரத்து இருநூறு பேர் போனது ஒரு பெரிய நகரத்துக்குத் தெரியாது. இங்கே அது ஏழில் ஒரு பங்கு.

வெள்ளி, ஃபிரெஞ்ச்கிளென்

(இங்கே சிக்னல் இல்லை. எழுதி வைத்ததைப் பிறகு ஏற்றுகிறேன்.)

காலையில் பர்ன்ஸின் வடக்கு ஓரத்தில் இருக்கும் பையூட் பழங்குடியினரின் நிலத்தைக் கடந்து போனோம். வீடுகள், அலுவலகம், வயல் எல்லாம் சேர்த்தும் சின்ன இடம்தான். இந்தப் பகுதி ஏன் இவ்வளவு காலி என்று கேட்கிறவர்கள் பாலைவனத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இதைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

1872-இல் அமெரிக்க அரசு பையூட்டுகளுக்காக மால்ஹ்யூர் ஒதுக்கீட்டு நிலத்தை அமைத்தது. ஏறத்தாழ 18 லட்சம் ஏக்கர். அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் சாரா வின்னமக்கா என்ற பையூட் பெண். நிலத்தை நிர்வகிக்க அரசு வைத்த நல்ல முகவர் போய்க் கெட்ட முகவர் வந்ததும் சாப்பாட்டுக்கே தகராறு. வெள்ளைக்காரர்களின் மாடுகளும் உள்ளே புகுந்தன. 1878-இல் பானக் என்ற பழங்குடியினருக்கும் அமெரிக்கப் படைக்கும் பானக் போர் மூண்டது. அதில் கலந்துகொள்ளாத குடும்பங்களையும் சேர்த்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை 1879 ஜனவரிப் பனியில், காவலோடு, வடக்கே இன்றைய வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கும் யாகிமாவுக்கு நடத்திக் கொண்டுபோனார்கள். முந்நூறு மைலுக்கு மேல், வழியெல்லாம் மலை. ஒதுக்கீட்டு நிலம் பொதுநிலமாகி மற்றவர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. திரும்பி வந்தவர்களுக்கு நிலையான இடம் கிடைக்க 1930-கள் ஆயின. அதுவும் எழுநூற்றுச் சொச்சம் ஏக்கர். அதை முறைப்படி ஒதுக்கீட்டு நிலம் என்று அறிவித்தது 1972-இல், முதல் ஒதுக்கீட்டுக்குச் சரியாக நூறாண்டு கழித்து.

தெற்கே 205-ஆம் எண் சாலை. ஹார்னி வடிநிலத்தில் ஓடும் ஆறு எதுவும் கடலுக்குப் போவதில்லை. வடக்கு மலையிலிருந்து சில்வீஸ் ஆறும் தெற்கே ஸ்டீன்ஸ் மலையிலிருந்து பிளிட்சன் ஆறும் இறங்கி வந்து மால்ஹ்யூர் ஏரியில் முடிகின்றன. ஏரிக்கு ஆழமே கிடையாது. தட்டையான தரையில் பரவுவதால், மழை நன்றாகப் பெய்தால் நாலா பக்கமும் படர்கிறது, வறட்சி வந்தால் சுருண்டுகொள்கிறது. 1980-களின் நடுவில் பக்கத்திலிருக்கும் மட் ஏரி, ஹார்னி ஏரி எல்லாம் ஒன்றாகி ஆரிகனிலேயே பெரிய ஏரியாக நின்றது. பண்ணைகள் மூழ்கின, ரயில் பாதையும் போயிற்று. அந்த ரயில் 1916-இல் கிரேன் ஊருக்கும் 1924-இல் பர்ன்ஸுக்கும் வந்தது.

ஏரியைச் சுற்றியிருப்பது மால்ஹ்யூர் தேசிய வனவிலங்குக் காப்பகம். 1908-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அறிவித்தது. காரணம் தொப்பி! பெண்கள் தொப்பியில் செருக வெள்ளைக் கொக்கின் இறகுக்கு அன்றைக்கு அவ்வளவு கிராக்கி. வேட்டைக்காரர்கள் கூடு கட்டும் காலத்தில் வந்து மொத்தமாகச் சுட்டுவிட்டுப் போனார்கள். வில்லியம் ஃபின்லி, ஹெர்மன் போல்மன் என்ற இரண்டு படப்பிடிப்பாளர்கள் இங்கே வந்து பார்த்தபோது வெள்ளைக் கொக்கே மிச்சமில்லை. அவர்கள் எடுத்துச் சென்ற படங்கள்தான் காப்பகத்துக்கு வழி செய்தன. நாங்கள் போனது செப்டம்பர் கடைசி. வாத்துக் கூட்டம் லட்சக்கணக்கில் இறங்குவதைப் பார்க்க மார்ச், ஏப்ரலில் வர வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது அறுத்த புல்வெளியில் மேய்ந்த சாண்ட்ஹில் பெருங்கொக்குகள். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கத்தினால் ஒரு மைல் கேட்கிறது.

2016 ஜனவரியில் அமன் பண்டி தலைமையில் ஆயுதங்களோடு வந்த கும்பல் 41 நாள் ஆக்கிரமித்திருந்தது இந்தக் காப்பக அலுவலகத்தைத்தான். கவுண்டியில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலம் மத்திய அரசுடையது, அதை உள்ளூர்க்காரர்களிடம் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. வந்தவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள் அல்ல. அந்த நிலத்தை முதலில் வைத்திருந்தவர்கள் நாங்கள், எங்களை யாரும் கேட்கவில்லையே என்று பையூட்டுகள் அப்போதே சொன்னார்கள். பதில் சொல்ல முடியாத கேள்வி.

வழியில் டயமண்ட் பக்கம் ஒதுங்கி வட்டத் தொழுவத்தைப் பார்த்தோம். நூறு அடி விட்டம், நடுவில் ஜூனிப்பர் மரத் தூண்கள், மேலே குடை போன்ற கூரை. வெளியே பனி கொட்டும்போது உள்ளே குதிரைகளைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழக்கக் கட்டியது. கட்டியவர் பீட் ஃபிரெஞ்ச். 1872-இல் கலிபோர்னியாவிலிருந்து சுமார் 1,200 மாடுகளோடு வந்தார். முதல் போட்டவர் ஹியூ கிளென். இருவர் பெயரும் சேர்ந்ததுதான் நாங்கள் இன்று தங்கியிருக்கும் ஊர். ஃபிரெஞ்ச் செய்த காரியம் ஒன்றுதான்: தண்ணீர் இருக்கும் இடத்தை மட்டும் வாங்கினார். ஆற்றையும் சதுப்பையும் பிடித்துவிட்டால் சுற்றியிருக்கும் வறண்ட நிலம் வேறு யாருக்கும் உதவாது, விலை கொடுக்காமலேயே அதுவும் உன்னுடையதுதான். சிறு குடியேறிகளோடு வேலித் தகராறு முற்றி, 1897 டிசம்பர் 26-ஆம் தேதி எட் ஆலிவர் என்பவர் அவரைச் சுட்டுக் கொன்றார். ஜூரி ஆலிவரை விடுதலை செய்துவிட்டது. ஜூரியில் உட்கார்ந்தவர்கள் எந்தப் பக்கத்து ஆட்களாக இருந்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

ஃபிரெஞ்ச்கிளென் ஊரில் நிரந்தரமாக இருப்பவர்கள் ஒரு பேருந்தில் பாதி இருக்கைக்குக்கூடக் காணாது. ஒரு ஓட்டல், ஒரு கடை, ஒரு பள்ளிக்கூடம். ஓட்டல் அரசின் பாரம்பரியச் சின்னம், மாடியில் சின்னச் சின்ன அறைகள், குளியலறை பொது. இரவுச் சாப்பாடு குறித்த நேரத்தில், நீள மேசையில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து, பாத்திரத்தைக் கை மாற்றிக் கை மாற்றி. மாமிசம் வேண்டாம் என்று முன்கூட்டியே போனில் சொல்லியிருந்தோம். உருளைக்கிழங்கு, பீன்ஸ், ரொட்டி தாராளமாக வந்தன. என் மனைவி கைப்பையிலிருந்து எலுமிச்சை ஊறுகாயை எடுத்ததும் எதிரே இருந்த பண்ணைக்காரர் தானும் கொஞ்சம் கேட்டு வாங்கி உருளைக்கிழங்கில் தடவிச் சாப்பிட்டார்.

சனி, ஸ்டீன்ஸ் மலை

இந்த நாளுக்காகத்தான் வந்தோம் என்றே சொல்லலாம்.

ஸ்டீன்ஸை மேற்கிலிருந்து பார்த்தால் மலை என்றே தோன்றாது. ஃபிரெஞ்ச்கிளென்னிலிருந்து ஐம்பது மைலுக்குச் சற்று அதிகமான ஒரு சுற்றுப்பாதை, பெரும்பாலும் சரளைக்கல். முதலில் சேஜ்பிரஷ், பிறகு ஜூனிப்பர், அதற்கும் மேலே மஞ்சளாகிப்போன ஆஸ்பென் மரங்கள், கடைசியில் மரமே இல்லாத புல்தரை. எங்கேயும் செங்குத்து ஏற்றம் இல்லை, வண்டி உறுமாமல் ஏறுகிறது. காதடைப்பதை வைத்துத்தான் உயரம் தெரிகிறது. ஆரிகனிலேயே உயரமான சாலை இது. உச்சி 9,733 அடி.

வண்டியை நிறுத்திக் கிழக்கு விளிம்புக்கு நடந்தோம். தரை அங்கே முடிந்துவிடுகிறது. கீழே, ஏறத்தாழ ஐயாயிரத்து ஐந்நூறு அடிக்குக் கீழே, ஆல்வர்ட் பாலைவனம் வெள்ளையாகக் கிடக்கிறது. மகள் விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, "அப்பா, இதுக்கு மேல நான் வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். காற்று ஆளைத் தள்ளுகிற மாதிரி இருந்ததால் நானும் வற்புறுத்தவில்லை.

ஒரு பக்கம் சரிவு, மறுபக்கம் சுவர். இப்படி ஆனதற்குக் காரணம் பூமியின் பிளவு. ஏறத்தாழ ஒரு கோடியே அறுபது லட்சம் ஆண்டுகளுக்கு முன் இந்தப் பகுதியில் எரிமலைக் குழம்பு வெள்ளம் வெள்ளமாக ஓடி அடுக்கடுக்காக உறைந்தது. பிறகு நிலம் கிழக்கு மேற்காக இழுபட்டுப் பிளந்தது. ஒரு துண்டு சாய்ந்து எழும்பியது, அடுத்த துண்டு தாழ்ந்தது. எழும்பியது ஸ்டீன்ஸ், தாழ்ந்தது ஆல்வர்ட். விளிம்பில் நின்றால் அந்தக் குழம்பு அடுக்குகளை ஒவ்வொன்றாக எண்ணலாம்.

அதற்குப் பிறகு வந்தது பனியாறு. கைகர், லிட்டில் பிளிட்சன், பிக் இண்டியன், வைல்ட்ஹார்ஸ் என்று நாலு பெரிய பள்ளத்தாக்குகளை அரைவட்டக் குழாயாகக் குடைந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறது. கைகர் பள்ளத்தாக்கின் தலைமாட்டில் நின்று பார்த்தால் அடியில் ஒரு நீரோடை மட்டும் நூலாகத் தெரிகிறது. பக்கச் சுவரில் ஓரிடத்தில் விளிம்பே கத்தியால் வெட்டி எடுத்ததுபோல் பள்ளமாக இருக்கிறது, மறுபக்கத்துப் பனியாறும் அரித்து அரித்து மிச்சமிருந்த சுவரையும் தின்றுவிட்டதால் வந்தது. கைகர் என்ற பெயரைக் குதிரைக்காரர்கள் வேறு காரணத்துக்காக அறிவார்கள். 1977-இல் இந்தப் பக்கத்துக் காட்டுக் குதிரைகளைப் பிடித்தபோது, ஸ்பானியர் காலத்துக் குதிரைகளின் சாயல் உள்ள ஒரு கூட்டம் தனியாகத் தெரிந்தது. அதைப் பிரித்து வைத்து வளர்க்கிறார்கள்.

இறங்கும்போது வழியில் மாடுகளைப் பார்த்து மகள், "இது யாரோட நிலம்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நிலம் அரசுடையது, புல் குத்தகைக்கு. ஒரு பசுவும் கன்றும் ஒரு மாதம் மேய்வதற்குச் சட்டப்படி குறைந்தபட்சக் கட்டணம் 1.35 டாலர், பல ஆண்டுகள் அதே கட்டணம்தான் இருந்தது. கேட்பதற்கு இலவசம் மாதிரி இருக்கிறது. ஆனால் ஒரு மாட்டுக்குத் தேவையான புல்லைச் சேர்க்க இங்கே எத்தனை ஏக்கர் அலைய வேண்டும் என்று யோசித்தால், இந்த ஊரில் ஏன் வீட்டுக்கு வீடு இத்தனை மைல் என்பதும் புரிந்துவிடும். மாட்டுக்கு வேண்டிய இடைவெளிதான் மனிதருக்கும் வந்து சேர்கிறது. மலையின் ஒரு பகுதியில் மட்டும் மாடே கூடாது. 2000-இல் வந்த சட்டம் 1,70,000 ஏக்கரை இயற்கை நிலமாகவே விட்டுவைக்க ஒதுக்கி, அதில் பாதிக்கு மேல் மேய்ச்சலையும் நிறுத்தியது.

ஞாயிறு, ஆல்வர்ட்

தெற்கே போகும் சாலை கேட்லோ பள்ளத்தாக்கு வழியாக நீள்கிறது. இன்றைக்கு அங்கே ஒன்றிரண்டு பெரிய பண்ணைகள்தான். ஆனால் 1910 வாக்கில் இங்கே கூட்டம். 1909-இல் வந்த சட்டம் வறண்ட நிலத்தில் குடியேறுகிறவருக்கு 320 ஏக்கர் கொடுத்தது. ரயில் வரப்போகிறது, மழை வந்துவிடும், கோதுமை விளையும் என்று நம்பிக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள். பிளிட்சன் என்று ஓர் ஊர்கூட இருந்தது. ரயிலும் வரவில்லை, மழையும் வரவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டில் பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். 320 ஏக்கர் என்பதை ஈரமான ஊரிலிருந்து யோசித்துக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே அது மேய்ச்சலுக்கே காணாது.

ஃபீல்ட்ஸ் ஊரில் ஒரே கட்டடம் கடை, உணவகம், பெட்ரோல் பங்க் எல்லாமாக இருக்கிறது. மில்க் ஷேக் பிரசித்தம். இந்த ஆண்டில் எத்தனை விற்றது என்று பலகையில் எழுதி வைக்கிறார்கள், வாங்குகிறவர் எண்ணிக்கை ஊர் ஜனத்தொகையைப் பல நூறு மடங்கு தாண்டிப் போகிறது. மூன்று பேரும் ஆளுக்கொன்று வாங்கினோம். ஒன்று வாங்கி மூன்று டம்ளர் கேட்டிருக்கலாம், அவ்வளவு கெட்டி.

ஆல்வர்ட், ஸ்டீன்ஸின் மழைமறைவுக்குள் கிடக்கிறது. கேஸ்கேட் தடுத்த பின் மிஞ்சிய மேகத்தையும் ஸ்டீன்ஸ் தடுத்துவிடுகிறது. ஏரி காய்ந்த தரை பன்னிரண்டு மைல் நீளம், ஏழு மைல் அகலம், மேசைபோல் சமம். அதில் வண்டியை இறக்கி ஓட்டலாம். தடம் கிடையாது, எந்தத் திசையிலும் போகலாம். ஐந்து நிமிடம் ஓட்டியதும் எதை நோக்கி ஓட்டுகிறோம் என்ற கேள்வி வந்துவிடுகிறது. இந்தச் சமதளத்தில்தான் 1976 டிசம்பரில் காது கேளாத சாகசக் கலைஞர் கிட்டி ஓ'நீல் மூன்று சக்கர ராக்கெட் வண்டியில் மணிக்கு 512 மைல் ஓட்டிப் பெண்களுக்கான தரை வேகச் சாதனை படைத்தார். அதை முறியடிக்க வந்த ஜெஸ்ஸி கோம்ப்ஸ் 2019 ஆகஸ்ட் 27-ஆம் தேதி 522 மைலைத் தாண்டிய ஓட்டத்தில் விபத்தாகி இறந்தார். சாதனை அவர் பெயரில் பதிவானது.

திங்கள், கிரேன்

ஆல்வர்டிலிருந்து வடக்கே சரளைச் சாலை, பிறகு 78-ஆம் எண் நெடுஞ்சாலை. கிரேனை நெருங்க நெருங்கப் பச்சை வட்டங்கள் வருகின்றன. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைச் சுழன்று சுழன்று தெளிக்கும் எந்திரங்கள் போடும் குதிரைமசால் வயல்கள். மாட்டுக்குக் குளிர்காலத் தீவனம், வெளியே விற்றால் காசு. நூறாண்டு முன் மழையை நம்பி வந்தவர்கள் தோற்ற வடிநிலத்தில், பம்ப்செட்டை நம்பியவர்கள் ஜெயித்திருக்கிறார்கள். ஆனால் மலைப்பனி உருகி நிலத்துக்குள் இறங்குவதைவிட மேலே இழுப்பது அதிகம். நிலத்தடி நீர் சில இடங்களில் ஆண்டுக்காண்டு அடிக்கணக்கில் இறங்கி, வீட்டுக் கிணறுகள் வற்றத் தொடங்கின. மாநில நீர்வளத் துறை கிட்டத்தட்ட பத்தாண்டு முன்பே புதிய அனுமதிகளை நிறுத்திவிட்டது. ஏற்கெனவே கொடுத்ததை எப்படிக் குறைப்பது என்பதுதான் இப்போதைய சண்டை. காப்பி குடிக்க நிறுத்திய இடத்தில் ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். பம்ப்பை அணைத்தால் தன் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போவார்கள், அணைக்காவிட்டால் பேரப்பிள்ளைகள் போவார்கள் என்றார்.

கிரேனில் பார்க்க வேண்டியது உயர்நிலைப் பள்ளி. அமெரிக்காவில் அரசுப் பள்ளியிலேயே விடுதி என்பது மிக அபூர்வம். இங்கே இருக்கிறது. ஃபிரெஞ்ச்கிளென், டயமண்ட், ஃபீல்ட்ஸ் போன்ற இடங்களில் எட்டாம் வகுப்பு வரை ஓரிரு ஆசிரியர் வைத்துச் சின்னப் பள்ளிகள் நடக்கின்றன. அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் தூரத்துப் பண்ணைப் பிள்ளைகள் கிரேனுக்கு வந்து விடுதியில் தங்குகிறார்கள். வாரத்துக்கு நான்கு நாள் பள்ளி, வியாழன் சாயங்காலம் வீட்டுக்கு. தினமும் நூறு மைல் பேருந்து விடுவதைவிட இது சரி. பள்ளி வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். இடைவேளையில் தொப்பி போட்ட பையன்கள் இரண்டு பேர் கயிறு வீசிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

பர்ன்ஸில் சாப்பிட்டுவிட்டு, டேங்க்கை நிரப்பிக்கொண்டு மேற்கே திரும்பினோம். போக நினைப்பவர்களுக்கு: ஸ்டீன்ஸ் சுற்றுப்பாதையின் மேல்பகுதி ஜூலை நடுவிலிருந்து முதல் பெரும்பனி விழும்வரைதான் திறந்திருக்கும். கூடுதல் டயர் நல்ல காற்றோடு இருக்கட்டும், வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை என்று கவுண்டிக்கே ஒன்றுதான், அது பர்ன்ஸில். பறவைக்கு ஏப்ரல், மலைக்குச் செப்டம்பர்.